கிட்டார் பிக்: உங்கள் வாசிப்புக்கு எது சரி என்று கண்டுபிடிப்பது எப்படி

கிட்டார் வாங்கும்போது மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். எந்த கம்பெனி, எந்த மரம், எவ்வளவு பட்ஜெட் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கேட்டு, நூறு வீடியோ பார்த்துவிட்டுத்தான் கடைப்படி ஏறுகிறோம். பிக் விஷயத்தில் மட்டும், கடைக்காரர் பையின் முன் ஜிப்பில் இலவசமாகப் போட்டுக் கொடுத்த ஏதோ ஒன்றை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் கம்பியை மீட்ட விரலிடுக்கில் பிடிக்கும் அந்தச் சின்னத் துண்டுதான் கம்பியைத் தொடுவது. அது எவ்வளவு வளைகிறது, முனை எப்படி இருக்கிறது, எதனால் செய்தது என்பதை வைத்து ஒரே கிட்டார் ஒரே கையில் வேறு வேறு மாதிரி பேசும். சில பத்து ரூபாய் செலவில் உங்கள் சத்தத்தை மாற்ற வேறு எதுவும் கிடையாது.

அவசரமாகக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் பாட்டுக்கு கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால் 0.73 மி.மீ. தடிமனில் பிக் இரண்டு வாங்குங்கள், கூடவே 0.60 ஒன்று, 1.0 ஒன்று. நான்கு பிக், முடிந்தது. ஏன் இந்த நான்கு, வீட்டுக்கு வந்து அவற்றை வைத்து என்ன செய்வது என்பதுதான் மீதிக் கட்டுரை.

முதலில் உங்கள் கிட்டாரைப் பாருங்கள்

மேலே இருக்கும் மூன்று கம்பிகள் உலோகம் சுற்றியும், கீழே இருக்கும் மூன்றும் மீன்பிடி நரம்பு போல வழவழவென்றும் இருந்தால் அது நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். அதற்குப் பிக் வேண்டாம். விரலாலும் நகத்தாலும் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. தடித்த பிக்கால் அடித்தால் கம்பி சீக்கிரம் தேயும், சத்தமும் மொத்தையாக வரும். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் பிக் காசை மிச்சம் பிடித்து ஒரு நல்ல நெயில் ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு கம்பியும் உலோகம் என்றால் தொடரலாம்.

நீங்கள் அதிகம் வாசிப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஆசைப்படுவதை விட்டுவிடுங்கள், தினம் கையில் எடுத்ததும் என்ன வாசிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஞாயிறு காலை சர்ச்சில் பாடகர் குழுவோடு கார்ட் பிடிக்கிறவரும், பெசன்ட் நகர் கடற்கரையில் நண்பர்கள் பாட அவர்களுக்கு ஸ்ட்ரம் செய்கிறவரும், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கிறவரும், ஒரு வகை. சினிமாப் பாட்டின் இடையிசையில் வரும் மெட்டை ஒவ்வொரு ஸ்வரமாக எடுக்கிறவர் இன்னொரு வகை. எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு, திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற சின்ன மெட்டுகளை வாசித்து, ஜனவரியில் சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழா மேடையில் ஏறும் கனவோடு இருக்கிறவர் மூன்றாவது. கீர்த்தனை வாசிக்க முயல்கிறவர் நான்காவது. அவருக்குத் தனியாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

பிக் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால், அவர் ஒரே வகை இசையை வாசிக்கிறவராக இருப்பார்.

தடிமன்

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிக் மேலேயே மி.மீ. கணக்கில் எண் அச்சடித்திருப்பார்கள். சில கம்பெனிகள் தின், மீடியம், ஹெவி என்று மட்டும் போடும், ஆனால் ஒருவரின் மீடியம் இன்னொருவரின் மீடியத்தோடு ஒத்துப்போகாது, அதனால் எண் போட்ட பிக்கையே வாங்குங்கள். தோராயமாக 0.60-க்குக் கீழே மெல்லியது, 0.60 முதல் 0.80 வரை நடுத்தரம், 0.80 முதல் 1.2 வரை தடித்தது, அதற்கு மேல் மிகத் தடித்தது.

மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளைந்து கொடுக்கும். கையின் அழுத்தத்தில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்வதால், ஆறு கம்பியையும் வேகமாக மேலும் கீழும் அடிக்கும்போது எந்தக் கம்பியும் துருத்திக்கொண்டு கேட்காது. மணிக்கட்டு இன்னும் பழகாதவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அதே வளைவு, ஒரு தனி ஸ்வரத்தைக் குறிபார்த்து எடுக்கும்போது எதிரியாகிவிடும். பிக் வளைந்து திரும்பி வரும் அந்தக் கண நேரம் உங்கள் கையில் இல்லை, வேகமாக வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இழைந்துவிடும். அதோடு ஒரு 'டப் டப்' சத்தமும் வரும், பிளாஸ்டிக் கம்பியில் அறையும் சத்தம். நேரில் அவ்வளவாகத் தெரியாது, போனில் பதிவு செய்து கேட்டால் பளிச்சென்று தெரியும்.

தடித்த பிக் வளையாது. கை கொடுத்த அழுத்தம் அப்படியே கம்பிக்குப் போகும். மெதுவாகத் தொட்டால் மெதுவாக, ஓங்கி அடித்தால் ஓங்கி. சத்தம் நிறைவாக, அடி கனத்தோடு வரும். ஆனால் ஸ்ட்ரம் செய்யும்போது கை இறுக்கமாக இருந்தால் கம்பியில் மாட்டி நிற்கும், சில நேரம் விரலை விட்டே பறந்துவிடும். மெல்லிய பிக் உங்கள் கையின் குறையை மறைக்கும், தடித்த பிக் அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான் ஆரம்பத்தில் நடுவில் நில்லுங்கள் என்கிறேன். 0.73-இல் ஸ்ட்ரமும் வரும், ஒன்றிரண்டு ஸ்வரமும் எடுக்கலாம், கை இறுகினால் அதுவும் கொஞ்சம் தெரியும்.

கடைகளில் அதிகம் பார்க்கக்கூடிய டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் பிக்குகளில் நிறத்தை வைத்தே தடிமனைச் சொல்லிவிடலாம்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. "அண்ணா, மஞ்ச டார்டெக்ஸ் ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு, நீலம் ஒண்ணு" என்று கேட்டாலே கடையில் புரிந்துகொள்வார்கள்.

எதனால் செய்தது: நம்ம ஊர் வெயிலையும் சேர்த்து யோசியுங்கள்

பழைய காலத்தில் நல்ல பிக் என்றால் ஆமை ஓட்டில் செய்தது. அழுங்காமையின் ஓடு. அந்த ஆமை நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் உயிர். அசல் ஆமை ஓட்டுப் பிக் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது குற்றம். கடையில் பழுப்பும் மஞ்சளும் கலந்து ஆமை ஓடு போலவே தெரியும் பிக்குகள் அநேகமாக செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக், பயப்பட வேண்டாம்.

செல்லுலாய்டு: நூறு வருடமாகப் பிக் செய்யப் பயன்படும் பொருள். சத்தம் இதமாக, பழைய ரெக்கார்டுகளில் கேட்பது போல இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஓரம் சீக்கிரம் தேயும். இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்தை வழவழப்பாக்குகிறேன் என்று மெழுகுவர்த்தியில் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

நைலான் நன்றாக வளையும், உடையாது, மெல்லிய தடிமனில் ஸ்ட்ரம்முக்கு அருமையாக இருக்கும். ஆனால் நைலான் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் இன்னும் கொஞ்சம் தொய்யும். சென்னையில் ஈரம் குறைந்த மாதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் நைலான் பிக் பிடித்திருந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணை விட ஒரு படி தடிமனானதை எடுங்கள் என்பது என் யோசனை.

டெல்ரின் என்ற பிளாஸ்டிக்தான் டார்டெக்ஸ் பிக்குகளில் இருப்பது. ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது, தேய்வதும் மெதுவாகத்தான். மேற்பரப்பு பவுடர் பூசியது போல மங்கலாக இருப்பதால் வியர்த்த விரலிலும் ஓரளவு நிற்கும். நம்ம ஊருக்கு, புதிதாக ஆரம்பிப்பவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். அதே கம்பெனியின் அல்டெக்ஸ் இன்னும் விறைப்பான பொருள். சத்தம் பளிச்சென்று இருக்கும், அதிக நாள் உழைக்கும், ஆனால் வழுக்கும்.

உலோகப் பிக் வேண்டாம். குயின் இசைக்குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர் என்பதைப் படித்துவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றும். நம் நாணயங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அக்கூஸ்டிக் கம்பியின் மேல் சுற்று வெண்கலம், எது முதலில் தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதேபோல காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டிப் பிக் செய்வது அவசரத்துக்கு ஓடும், ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கினால் நன்றாகவே ஓடும், ஆனால் அது சீக்கிரம் மழுங்கிவிடும்.

முனையும் அளவும்

கடையில் பத்தில் எட்டுப் பிக் ஒரே வடிவம்தான், ஓரங்கள் உருண்ட முக்கோணம், ஏறக்குறைய 3 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். முதல் வருடத்துக்கு இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: முனை கூராக இருந்தால் சத்தம் துல்லியமாக, கொஞ்சம் கூச்சலாக வரும், முனை உருண்டையாக இருந்தால் இதமாக, மென்மையாக வரும். இதைச் சோதிக்கத் தனியாக வாங்கவும் தேவையில்லை. கையில் இருக்கும் பிக்கைத் திருப்பி, அதன் உருண்ட தோள்பட்டைப் பக்கத்தால் வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும்.

லீட், அதாவது தனி ஸ்வரங்களாக மெட்டு, வாசிக்கிறவர்கள் ஜாஸ் த்ரீ என்ற சின்னப் பிக்கைப் பற்றிச் சொல்வார்கள். 1.38 மி.மீ. தடிமன், கூர் முனை, விரலுக்குள் அடங்கிவிடும் அளவு. எலெக்ட்ரிக் கிட்டாரில் வேகமாகத் தனி ஸ்வரங்கள் எடுப்பவருக்கு அது அற்புதமான பிக். அதே பிக்கை வைத்து அக்கூஸ்டிக்கில் ஸ்ட்ரம் செய்யப் போனால் விரல் நகம் கம்பியில் உரசும், எரிச்சல்தான் மிஞ்சும்.

கடையில் என்ன செய்வது

சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் என்ற கடை இருக்கிறது, நகரம் முழுக்க வேறு இசைக்கருவிக் கடைகளும் இருக்கின்றன. எந்தக் கடைக்குப் போனாலும் பிக்கை உதிரியாகக் கேளுங்கள், பாக்கெட்டாக வேண்டாம். பன்னிரண்டு பிக் ஒரே தடிமனில் வாங்கிவிட்டு, அது கைக்கு ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வது? ஆன்லைனில் வாங்குவதானால் பல தடிமன் கலந்த பாக்கெட் பாருங்கள். அச்சு மங்கி இருந்தால், ஓரத்தில் அச்சு வார்த்த பிசிறு துருத்திக்கொண்டு இருந்தால், தவிர்த்துவிடுங்கள்.

கூட்டம் இல்லாத நேரத்தில் போய், ஒரு கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். சரி என்றால் உங்கள் வீட்டுக் கிட்டார் போன்ற ஒன்றை எடுங்கள். கடையில் தொங்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்தப் பிக்கும் இனிமையாகத்தான் கேட்கும்.

வீட்டில் சோதிப்பது

இதைத்தான் அநேகமாக யாரும் செய்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிட்டாரைச் சுதி சேர்த்துக்கொள்ளுங்கள். போனை ஒரு கை தூரத்தில், கிட்டாரின் முகத்தைப் பார்த்த மாதிரி வைத்து ரெக்கார்டிங்கைப் போடுங்கள். வாசிக்கிறவர் காதுக்கு வரும் சத்தமும் எதிரே இருப்பவருக்குப் போகும் சத்தமும் வேறு, நமக்கு எதிரே இருப்பவரின் காது வேண்டும். இப்போது ஜி கார்டைப் பிடித்து, மேலிருந்து கீழே ஆறு கம்பியையும் மெதுவாக ஒரே இழுப்பில் இழுங்கள். ஆறும் ஒரே அளவில் கேட்கிறதா, இல்லை தடித்த கம்பிகள் மட்டும் முழங்குகின்றனவா? அடுத்து உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் பல்லவியை ஸ்ட்ரம் செய்யுங்கள். அப்புறம் அதே பல்லவியின் மெட்டைத் தனி ஸ்வரங்களாக, கீழே மேலே கீழே மேலே என்று மாற்றி மாற்றி எடுங்கள், மெட்ரோனோமை (சீராகத் தட்டு எண்ணும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம். சரியாக வந்தால் 80.

இதையே நான்கு பிக்கிலும் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'ஆரஞ்சு', 'மஞ்சள்' என்று வாயால் சொல்லிவிட்டு வாசியுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள், கை களைப்பும் காது களைப்பும் இருக்கும். மறுநாள் ஹெட்ஃபோனில் கேளுங்கள். எந்தப் பிக்கில் தாளம் நிலையாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள், எது அழகாகக் கேட்கிறது என்பது அதற்கு அப்புறம். தாளம் தடுமாறாமல் வந்த பிக்தான் இப்போதைக்கு உங்கள் பிக், அதை ஒரு மாதம் மாற்றாமல் வாசியுங்கள். தினம் ஒரு பிக் மாற்றிக்கொண்டே இருந்தால் கை எதையும் பழகாது.

பிக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் பிடியையும் பார்த்துவிடுங்கள். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டை விரலை மேலே வையுங்கள். முனை நாலைந்து மி.மீ. மட்டும் வெளியே தெரிந்தால் போதும். யாராவது லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும் அளவுக்குத்தான் பிடி இருக்க வேண்டும். கட்டை விரல் நகம் வெளுத்துப்போனால் நீங்கள் நசுக்குகிறீர்கள் என்று அர்த்தம். தடித்த பிக் கம்பியில் மாட்டுகிறது என்று சொல்பவர்கள், பிக்கைக் கம்பிக்கு நேர் தட்டையாக வைக்காமல் ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். சாய்வு அதிகமானால் சுற்றுக் கம்பிகளில் 'கீச்' என்று ஒரு உரசல் சத்தம் வரும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் வியர்வையால் பிக் சுழன்று சுழன்று திரும்புகிறதா? விரல் படும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் நாலு கீறல் போடுங்கள், முனையைத் தொடக் கூடாது. மெல்லிய பிக் என்றால் ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் நடுவே ஒரு ஓட்டை போட்டாலும் விரல் சதை அதில் பதிந்து நிற்கும். வாசிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைப்பது இரண்டையும் விடச் சுலபம்.

வகை வகையாக

பாட்டுக்கு ஸ்ட்ரம் மட்டும் என்றால் 0.50 முதல் 0.73 வரை. அபார்ட்மென்ட்டில் இரவு பத்து மணிக்கு வாசிக்கிறவருக்கு 0.46 நைலான் ஒன்று கையில் இருக்கட்டும், அடுத்த வீட்டுக்கு அதிகம் கேட்காது.

கார்டைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாக ஆர்ப்பெஜியோ எடுத்து, சரணத்தில் ஸ்ட்ரம்முக்கு மாறுகிறவருக்கு, அதாவது நம் மெல்லிசை வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, 0.73 அல்லது 0.88. நான் 0.88 பக்கம்தான் சாய்வேன், கம்பி கம்பியாக எடுக்கும்போது கிடைக்கிற தெளிவு அதில் கூடுதல்.

எலெக்ட்ரிக்கில் ராக், மெட்டல் ரிஃப் என்றால் 1.0-இலிருந்து 1.5 வரை. உள்ளங்கையால் கம்பியை அடக்கி வேகமாகக் கீழ் அடி மட்டும் அடிக்கும்போது வளைகிற பிக் எந்த உதவியும் செய்யாது. பேஸ் கிட்டாருக்கு விரலே போதும், பிக்தான் வேண்டும் என்றால் 1.0-க்கு மேலே பெரிய முக்கோண வடிவம். உகுலேலேவுக்கு விரல், இல்லையென்றால் ஃபெல்ட் துணிப் பிக்.

கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இந்த நகரத்தில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் பிக்கை வைத்துத்தான் அத்தனை கமகத்தையும் கொண்டுவந்தார். வீணைக் கச்சேரி கேட்கும்போது வலது கையைக் கவனியுங்கள்: சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில் மீட்டு விழுகிறது, நடுவில் வரும் அசைவெல்லாம் இடது கையின் வேலை. கிட்டாரிலும் அப்படித்தான், ஸ்வரத்துக்கு ஸ்வரம் பிக்கைப் போட்டால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். ஒரு மீட்டில் எழுந்த நாதம் கமகம் முடியும் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் இங்கே வளையாத பிக் வேண்டும், 1.0 அல்லது அதற்கு மேல், முனை ரொம்பக் கூராக இல்லாமல். கூர் முனை தரும் 'டிக்' சத்தம் ஆலாபனையில் உறுத்தும். நான் சொன்ன தோள்பட்டைப் பக்கத்தை இதற்கு முயன்று பாருங்கள்.

தேய்ந்தால்

வாரம் ஒரு தடவை பிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அது உங்கள் கை எந்தச் சாய்வில் வாசிக்கிறது என்று காட்டும் அடையாளம், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஓரம் சொரசொரப்பாகி விரலில் உறுத்தினால் ஜீன்ஸ் துணியில் நன்றாக அழுத்தித் தேயுங்கள், அல்லது மிக மெல்லிய உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. மூலை மழுங்கிவிட்டால் அடுத்த மூலையைத் திருப்பிக்கொள்ளலாம், உருண்ட சத்தம் பிடித்தால். முனையின் வடிவமே போய்விட்டால் மாற்றிவிடுங்கள், அதே எண், அதே பொருள்.

பிக் கிட்டாரின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் கையை உள்ளே விட்டுக் கம்பியை வளைக்காதீர்கள். கிட்டாரை மல்லாக்கப் பிடித்து மெதுவாக ஆட்டி, பிக்கை ஓட்டைக்கு நேர் கீழே பின்பலகையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ஒரே வீச்சில் கவிழ்த்துப்போடுங்கள், கம்பிகளுக்கு நடுவே வந்து விழும். வரவில்லை என்றால் திரும்ப ஒரு முறை. கடையில் இரண்டு மஞ்சள் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.